ஆற்றுக்கு இந்தப் பக்கம் – 14: பல் போன ஊதல்

நெரெய்தாவுக்கு வலது கட்டைவிரல் விண் விண் என்று தெறித்தது. நகச்சுத்து. இரண்டு நாளாக உறக்கமில்லை. திருப்புளி பிடிக்கிற விரலாகப் பார்த்து வந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் நுனி சிவந்து, தோல் இழுபட்டு, தொட்டால் உயிர் போனது.

அப்பா எவுசேபியோ ரொட்டி சுடும் தகட்டில் ஒரு தக்காளியைப் போட்டுக் கருக்கினார். பிளந்து, சூடு ஆறுமுன் விரலில் அமுக்கித் துணி சுற்றினார்.

"கத்தாதடி."

"நான் கத்தலைப்பா."

"எனக்கெப்படித் தெரியும்? வாயைத் திறந்தியே."

இரும்பாலையில் தகடு உருட்டுகிற பகுதியில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆலை மூடியபோது கையில் கொஞ்சம் காசு கொடுத்தார்கள். காது மட்டும் திரும்பி வரவில்லை. கீச்சுச் சத்தம் எதுவும் அவருக்கு எட்டாது. பறவை, குழந்தை அழுகை, போலீஸ்காரன் விசில் எல்லாம் போயிற்று. லாரி கேட்கும். இடி கேட்கும். மகள் இறக்கித் தருகிற கும்பியா என்கிற ஆட்டப் பாட்டு கேட்கும்.

மோந்தெர்ரே நகரத்துக்குத் தெற்கே, வறண்ட ஆற்றுக்கு இந்தப் பக்கம், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்தக் குடியிருப்பில் பாட்டை அப்படித்தான் கேட்பார்கள். வேகத்தைக் குறைத்து, பாடுகிறவன் குரல் குழம்பு போலக் கெட்டியாகிற வரை இறக்கி. அந்த வேலைக்கு நெரெய்தாவிடம்தான் வருவார்கள். பாலத்தடிச் சந்தையில் ஒரு பலகை, ஒரு குடை, ஒரு டப்பா நிறையச் செத்த வாக்மேன்கள். அதுதான் அவள் கடை.

நான்கு மாதத்துக்கு முன் அண்ணன் எலியாசர் யாரிடமும் சொல்லாமல் வடக்கே கிளம்பிப் போனான். பிறகு கடிதமில்லை, தகவலில்லை. அண்ணி மரிக்ரூஸ் மெலிந்து துரும்பாய்ப் போனாள். எல்லை தாண்டிக் கூட்டிப்போகிற தாச்சோ என்பவன் போன மாதம் வந்து ஒரு கேசட்டை நீட்டினான். எலியாசரின் குரல். ஹூஸ்டனில் இருக்கிறேன், தாச்சோவோடு கிளம்பி வா என்று சொல்லியிருந்தான். அண்ணி தையல் மிஷினை விற்றாள். இன்று மதியம் மூன்று மணிக்குப் பெட்ரோல் பங்க் வாசலில் வேன்.

மரிக்ரூஸ் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கையில் வாக்மேன்.

"நெரே, இன்னும் கீச்சுங்குது."

"ரெண்டு தடவை எண்ணெய் போட்டாச்சு அண்ணி. பெல்ட்டும் மாத்தியாச்சு. என் கடையில பாட்டுப் போட்டா கமுக்கமா ஓடுது. உங்க கைக்கு வந்தா மட்டும் கீச்சுன்னா, அது என்ன, உங்க மேல காதலா?"

மரிக்ரூஸ் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை கேசட்டையும் தர்றேன்."

நெரெய்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேசட்டை அண்ணி ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை. குளிக்கப் போனால்கூட சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள்.

"அவர் குரலை இறக்கிக் குடு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"மாடு கத்துற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். என் மாடுதானே." கேசட்டைத் தோள்துண்டில் துடைத்துக் கொடுத்தாள். "அவர் பேசுறது கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள தீர்ந்துபோகுது. மெதுவாப் பேசினா கொஞ்ச நேரம் கூட வரும்ல? வழி பூரா எனக்கு அது வேணும்."

நெரெய்தா கேசட்டை வாங்கிக்கொண்டாள். அண்ணி போய்விட்டால் வீட்டில் அப்பாவும் அவளும்தான். பேசினால் ஒருவருக்குக் கேட்காது.

"ரெண்டு மணிக்குக் கடைக்கு வாங்க. ரெடியா இருக்கும்" என்றாள்.

*

பாலத்தடியில் வெயில் தூண்களுக்கு நடுவே பாளம் பாளமாக விழுந்து கிடந்தது. பக்கத்துப் பலகையில் குடல் வறுக்கிற நெடி. பசித்தது. நெரெய்தா காலையில் ஒரு வாய் காப்பி குடித்ததோடு சரி.

முதலில் கேசட்டை உள்ளபடியே ஓட்டிப் பார்த்தாள். ஹெட்போன் ஒரு காதில்.

"மரி... நான் ஹூஸ்டன்ல இருக்கேன். நல்லா இருக்கேன். கூரை போடுற வேலை. சம்பளம் பரவாயில்ல. தாச்சோகூட கிளம்பி வா. பயப்படாத." அங்கே குரல் நின்றது. மூச்சு மட்டும். அண்ணி ஒவ்வொரு தடவையும் அழுகிற இடம் அது. அழுகையை அடக்குகிறார் பாரு, அடக்குகிறார் பாரு என்பாள். பிறகு மறுபடி குரல். "நெரெய்தாகிட்ட அந்த வாக்மேனைக் குடுத்துப் பார்க்கச் சொல்லு. கீச்சுங்கும். அவ காதுக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்துக்கோ."

கீச்சு கேட்டது. மெல்லிய, எலி கத்துவது போன்ற கீச்சு. குரல் நின்ற அந்த இடத்தில்.

அவள் மூடியைக் கழற்றி இன்னொரு முறை உருளையைத் துடைத்தாள். ஹெட்டைச் சாராயத்தில் துடைத்தாள். மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் கீச்சு.

டப்பாவிலிருந்து வேறொரு வாக்மேனை எடுத்துப் போட்டாள். அதே இடம். அதே கீச்சு.

நெரெய்தா கையைப் பலகையில் வைத்தாள். எண்ணெயில்லாத மிஷின் எங்கே வேண்டுமானாலும் கீச்சிடும். ஒரே சொல்லுக்காகக் காத்திருந்து கீச்சிடாது. சத்தம் மிஷினில் இல்லை. நாடாவில் இருக்கிறது. இத்தனை நாளும் இல்லாத நோய்க்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்னொன்றும் உறைத்தது. எலியாசர் போகும்போது இந்த வாக்மேன் கீச்சிடவில்லை. அவளே கழற்றிப் பூட்டி அண்ணிக்குக் கொடுத்தது. ஹூஸ்டனில் இருக்கிறவனுக்கு அது கீச்சிடும் என்று எப்படித் தெரிந்தது?

மோட்டாரின் முதுகில் எறும்பு நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. வலது கட்டைவிரல் திருப்புளியை அழுத்த விடவில்லை. கண்ணில் நீர் தளும்பியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பழக்கமில்லாத கை. ஒரு மயிரிழை கூடினால் மோட்டார் நின்றுபோகும். மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பினாள். இன்னும் கொஞ்சம். இன்னும்.

அண்ணன் குரல் இறங்கியது. மாடு மாதிரித்தான் இருந்தது. "ப... ய... ப்... ப... டா... த."

குரல் நின்றது. கீச்சு வந்தது. இப்போது அது கீச்சு இல்லை. தனித்தனி சுரங்கள். ஏறின. ஒன்று, அடுத்தது, அடுத்தது, பிறகு சுரமில்லாத வெறும் காற்று, பிறகு மறுபடி சுரம். இறங்கும்போதும் அதே இடத்தில் அதே ஓட்டை.

இந்த மலையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அந்த ஊதல் தெரியும். கத்தி தீட்ட வந்திருக்கிறேன் என்று தெருத்தெருவாக ஊதிக்கொண்டு போகிற சாணைக்காரர் கிறிஸ்பினின் ஊதல். பல் போன ஊதல் என்று கேலி பேசுவார்கள்.

கிறிஸ்பின் பத்தடி தள்ளித்தான் இருந்தார். குடல் விற்கிறவளின் கத்தியைச் சக்கரத்தில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார். தினமும் உச்சிப் பொழுதுக்கு அங்கே வந்துவிடுவார், கூலிக்குப் பதில் ஒரு தட்டு சோறு.

"தோன் கிறிஸ்பின், நீங்க எப்பவாச்சும் ஹூஸ்டனுக்குப் போயிருக்கீங்களா?"

"ஏன், அங்க கத்தியெல்லாம் மழுங்கிடுச்சாமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவசரம்."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். "பொண்ணே, என் முழங்கால் இந்தப் பாலத்தையே தாண்ட விடமாட்டேங்குது. மலைக்கு முன்பக்கம், மலைக்குப் பின்பக்கம், அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். ஆத்துக்கு அந்தப் பக்கம் போயி வருஷக்கணக்காச்சு."

"இதே மாதிரி ஊதல் வேற யாருகிட்டயாவது இருக்கா?"

"பல் போனதா?" மார்பில் தொங்கிய ஊதலைத் தூக்கிக் காட்டினார். வரிசையாகக் கட்டிய குழல்களில் ஒன்று பிளந்து, மெழுகு அடைத்திருந்தது. "என் பொண்டாட்டி என்னைப் பார்த்து எறிஞ்சா. நான் குனிஞ்சேன், சுவத்துல பட்டுச்சு. இது வேணும்னா முதல்ல அவளைக் கட்டணும். எவனும் கட்டமாட்டான்."

குடல் விற்கிறவள் சிரித்தாள். நெரெய்தா சிரிக்கவில்லை. வாக்மேனை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகையின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

எலியாசர் ஹூஸ்டனில் இல்லை. எங்கும் போகவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம், சாணைக்காரர் கால் படுகிற ஏதோ ஒரு தெருவில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரோ நிற்க, அந்தக் கேசட்டில் பேசியிருக்கிறான். ஊதல் சத்தம் வந்ததும் வாயை மூடிக்கொண்டிருக்கிறான், அது உள்ளே விழட்டும் என்று.

அண்ணி அழுத இடம் அது.

*

மேலே போக இரண்டு படிக்கட்டுகள். நெரெய்தா கோயில் பக்கப் படிகளில் ஏறினாள். விரல் துடிப்பதும் இதயம் துடிப்பதும் ஒன்றாகக் கலந்து எது எதுவென்று தெரியவில்லை.

வாசலில் பை இல்லை.

"அப்பா! அண்ணி எங்க?"

எவுசேபியோ வாசற்கல்லில் உட்கார்ந்து தகர டப்பாக்களை மிதித்து நசுக்கிக்கொண்டிருந்தார். பழைய தகரம் விற்றுத்தான் இப்போது அவர் பாடு. அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"இப்பத்தான் கிளம்பினா. கிணத்துப் பக்கப் படியில. உன் கடைக்கு வந்து வாங்கிக்கிட்டு அப்படியே போறேன்னா. ஏன், நீ பார்க்கலையா?"

நெரெய்தா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஏறிய நேரம் அண்ணி இறங்கியிருக்கிறாள்.

"அண்ணன் ஹூஸ்டன்ல இல்லைப்பா! இங்கதான் இருக்கான். யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க."

"என்ன சொல்றே?"

"அண்ணியைப் போகவிடக் கூடாது!"

அவர் முகம் இறுகியது. "ஆரம்பிச்சுட்டியா. அவ புருஷன்கிட்ட அவ போறா. உனக்குத் தனியா இருக்கணுமேன்னு பயம். எனக்கும்தான் பயம். அதுக்காக அவ வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடாத."

பேசி அவர் காதில் விழப்போவதில்லை. நெரெய்தா ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சத்தத்தை முழுக்க வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

மகன் குரல் கெட்டியாக, ஆழமாக அவருக்குள் இறங்கியது. முதன்முறையாக அந்தக் கேசட்டை அவர் ஒழுங்காகக் கேட்கிறார். இதுவரை மருமகள் வாயால் சொல்லக் கேட்டதுதான். கண் கலங்கியது. பிறகு, குரல் நின்ற இடத்தில், புருவம் சுருங்கியது.

கையைத் தூக்கினார். மறுபடி போடு.

போட்டாள்.

அவர் உதடு அசைந்தது. சுரம், சுரம், சுரம், காற்று, சுரம். ஆலை அவர் காதைத் தின்பதற்கு முன் தினமும் ஜன்னல் வழியே கேட்ட சத்தம். இத்தனை வருஷம் அந்தச் சாணைக்காரர் தெருவில் போவதை அவர் கண்ணால்தான் பார்த்திருந்தார்.

"கிறிஸ்பின்" என்றார்.

ஹெட்போனைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். காலில் செருப்பு இல்லை என்பதுகூட நினைவில்லாமல் படிக்கட்டைப் பார்த்து நடந்தார்.

*

பெட்ரோல் பங்க் வாசலில் வெள்ளை வேன் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே ஏழெட்டுப் பேர் மடியில் பையோடு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் மரிக்ரூஸ். நெரெய்தாவைக் கண்டதும் அவள் முகம் கொதித்தது.

"கேசட்டைத் தூக்கிட்டு ஓடிட்டே இல்ல? கடையை மூடி வச்சிருக்கே. குரலைப் பிடுங்கிக்கிட்டா நான் நின்னுடுவேன்னு நினைச்சியா?"

"அண்ணி, இறங்குங்க. அண்ணன் அங்க இல்ல."

"இல்லாம? பேயா பேசுது?"

"இதை ஒரு தடவை கேளுங்க. ஒரே ஒரு தடவை."

வாக்மேனை ஜன்னலுக்குள் நீட்டினாள். மரிக்ரூஸ் கை நீட்டுமுன் வேறொரு கை அதை நாசூக்காக எடுத்துக்கொண்டது. தாச்சோ. சூரியகாந்தி விதையை மென்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை.

"மன்னிக்கணும் பொண்ணே. வழியில மிஷின் எதுவும் கூடாது. எல்லாருக்கும் அதே சட்டம்தான்." வாக்மேனைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனை மாட்டினான். "சரி, கிளம்புவோமா?"

"அது என் கேசட்!" என்று நெரெய்தா அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை. வீங்கிய கட்டைவிரலை மட்டும் பார்த்து, அதன்மேல் தன் விரலை வைத்து லேசாக அழுத்தினான். அவள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடி தானாக விட்டது.

வேன் கதவு இழுபட்டது.

அப்போதுதான் எவுசேபியோ வந்து சேர்ந்தார். மூச்சு இரைத்தது. பாதத்தில் ரத்தம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நீங்களுமா?" மரிக்ரூஸ் உடைந்துபோனாள். "நீங்கதானே ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினீங்க?"

அவருக்கு அது கேட்டதோ இல்லையோ. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, பல்லிடுக்கில் ஊதினார். சுரம், சுரம், சுரம், வெறும் காற்று, சுரம். திரும்ப இறங்கினார். அதே ஓட்டை. ஊதுவது அவருக்கே கேட்காது. உதட்டின் நினைப்பில் ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது.

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். "தாத்தாவுக்குக் கத்தி தீட்டணுமாம்."

மரிக்ரூஸ் சிரிக்கவில்லை. அந்தக் கேசட்டை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு இருமலும், ஒவ்வொரு மூச்சும் மனப்பாடம். பயப்படாத என்பதற்குப் பிறகு வருகிற இடம். கீச்சு. ஏறி, ஒரு இடத்தில் அறுந்து, மறுபடி ஏறுகிற கீச்சு.

"அவர் அழுற இடம்" என்றாள், யாருக்கும் சொல்லாதது போல.

"அண்ணன் அழலை அண்ணி" என்றாள் நெரெய்தா. "அது உள்ள வரட்டும்னு பேசாம இருந்தான். நெரெய்தாகிட்ட குடுத்துப் பார்க்கச் சொல்லுன்னானே. எனக்குத்தான் புரியலை. எண்ணெய் போட்டுக்கிட்டிருந்தேன்."

மரிக்ரூஸ் எழுந்தாள். பையைத் தூக்கவில்லை. மடிகள் மேலெல்லாம் மிதித்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். தாச்சோ தடுப்பான் என்று நெரெய்தா எதிர்பார்த்தாள். அவன் கதவைத் திறந்து, தானும் இறங்கி ஒதுங்கி வழிவிட்டான். இறங்க ஒரு கைகூடக் கொடுத்தான்.

மரிக்ரூஸ் அவன் சட்டையைப் பற்றினாள். "எங்க வச்சிருக்கே அவரை? சொல்லு! எந்தத் தெருவுல?"

"மெதுவாம்மா. பட்டன் பிஞ்சிடும்." உமியைத் துப்பினான். பிறகு எவுசேபியோவின் பக்கம் போனான். அவர் காதருகே குனிந்து, அடித்தொண்டையில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினான். அவருக்கு எப்படிப் பேசினால் கேட்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எலியாசர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"உங்க மகன் உயிரோட இருக்கான், தோன் எவுசேபியோ. சாப்பிடுறான், தூங்குறான்."

"காட்டு அவனை."

"கணக்கு முடியட்டும், காட்டுறேன்."

"வீடு இருக்கு. வித்துத் தர்றேன். எவ்வளவு?"

"பணம் யார் கேட்டா?" தாச்சோவின் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. "உங்க மகன் இந்த நாலு மாசமா எங்ககிட்டதான் வேலை. ஆளுங்களை வழி காட்டிக் கூட்டிட்டுப் போற வேலை. நல்லாத்தான் செஞ்சான். கடைசித் தடவை ஒரு பொம்பளையை முள்ளுக்காட்டுல விட்டுட்டுத் தனியா வந்து நின்னான். அவ யாரு வீட்டுப் பொண்ணுன்னு உங்களுக்குச் சொன்னா இன்னைக்கு ராத்திரி நீங்க தூங்க மாட்டீங்க. அந்த வீட்டுல காசு வேண்டாம்னுட்டாங்க."

மரிக்ரூஸின் கை அவன் சட்டையிலிருந்து நழுவியது. எதற்காகத் தன்னை வரச் சொன்னார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

தாச்சோ வேனில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பாவிடம் சற்று. மரிக்ரூஸிடம் சற்று. நெரெய்தாவிடம் கூடுதல் நேரம்.

"பேசி முடிவு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை திரும்ப வருவேன். எலியாசர் எங்களுக்கு ஒரு ஆள் பாக்கி."